தோற்றுப்போன சித்தியின் மிடுக்கு

என் செல்ல வாலுக்கு,

நானும் அப்பாவும் நலமாகத்தான் இருக்கிறோம், மழை வந்தால் அவர் முழங்கால் மட்டும் முனகும். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போன தடவை நீ போனில் சித்தி எப்படி இருக்காங்கன்னு கேட்டதும் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேனே, சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அவள் பேச்சை எடுத்தாலே எனக்கு வயிறு எரிகிறது, அதுதான் விஷயம். கூடப் பிறந்தவள் மேல் இந்த வயதில் பொறாமையா என்று சிரிப்பாய், சிரித்துக்கொள், ஆனால் முழுக்கப் படி.

நடைபாதைக் கடைகளை எடுக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள் அல்லவா, பஸ் நிலையத்தில் என் தையல் மெஷின் இருக்கும் வரிசைக்கு ஒரு அதிகாரி, ஆஸ்பத்திரி வாசலில் சித்தி குடையும் பையும் ரிப்பேர் செய்கிற வரிசைக்கு வேறு அதிகாரி. எங்கள் வரிசையை நகராட்சி ஆபீஸ் வராந்தாவில் கால் கடுக்க நிற்க வைத்தார்கள். உள்ளே போனால் அந்த மனுஷன் செல்போனை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. நான் வாயைத் திறந்ததும், "ஏம்மா, கதை பேசாத, அங்கேயே இருந்து தொலை, போ போ"ன்னு ஈ ஓட்டுகிற மாதிரி கையை வீசினார். இடம் நிலைத்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கோ உடம்பெல்லாம் கூசியது. பக்கத்துக் கடை பழக்காரியும் நானும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் வெளியே வந்தோம். எங்களை ஏன் விட்டார்கள், எங்கள் வரிசைப் பூட்டு ரிப்பேர்காரரை மட்டும் ஏன் எடுத்தார்கள் என்று எவருக்கும் தெரியாது, அதனால் யாருக்கு யார் சிபாரிசு என்று வரிசை முழுக்கக் குசுகுசுப்பு. காக்கிச் சட்டை கண்ணில் பட்டாலே இப்போது துணியைச் சுருட்டத் தொடங்கிவிடுகிறேன்.

சித்திக்கு இடம் போய்விட்டது. அங்கே வந்தது ஒரு பெண் அதிகாரி. எல்லோரையும் பெஞ்சில் உட்கார வைத்து ஒவ்வொருவராகக் கேட்டாராம், நேரில் வந்து பார்த்தாராம், கடைசியில் திரும்பக் கூப்பிட்டு, "உங்க பக்கம் நியாயம் இருக்கும்மா, ஆனா ஆம்புலன்ஸ் திரும்ப முடியலைன்னா ஒரு உயிர் போயிடும், மன்னிச்சுக்குங்க"ன்னு சொல்லி தபால் ஆபீஸ் பின்னால் இடம் கொடுத்தாராம். அங்கே ஈ காக்கை வராது. ஆறுதல் சொல்லப் போனேன், உன்னிடம் என்ன ஒளிவு, கொஞ்சம் அழுவாள் என்றும் எதிர்பார்த்துத்தான் போனேன். அவள் ஸ்டூல் மேல் ஏறிப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருக்கிறாள், கீழே அந்த வரிசைக்காரர்கள் எல்லாம் ஆளுக்கொரு யோசனை சொல்லிச் சிரிக்கிறார்கள்! "எங்க வரிசை", "எங்க ஆபீசரம்மா" என்று வாய்க்கு வாய். தெரு விளக்குக்கு எல்லோரும் சேர்ந்து மனு கொடுக்கப் போகிறார்களாம், "நம்ம ஊர்தானேக்கா, நாமதான் கேக்கணும்"கிறாள். என்னால் தாங்க முடியவில்லை. இடத்தைப் பறிகொடுத்துட்டு என்னடி இவ்வளவு கொண்டாட்டம்னு கேட்டே விட்டேன். அவள் ஸ்டூலை விட்டு இறங்கி வந்து, "பறிச்சாங்கதான்க்கா. ஆனா உக்கார வச்சுக் கேட்டாங்க. நான் சொன்னதை ஒரு வார்த்தை மாறாம திருப்பி என்கிட்ட சொன்னாங்க. அதுவரைக்கும் நான் ஏதோ ரோட்டோரத்துல கிடக்கிறவள்னுதான் என்னையே நினைச்சிருந்தேன்"னாள். ஜெயித்தவள் என்னவோ நான்தான். வீடு வரும்வரை எரிந்துகொண்டே வந்தேன்.

இரண்டு நாள் அப்பாவிடம் எரிந்து விழுந்தேன். அப்புறம் என்ன தோன்றியதோ, பழக்காரியிடம் நானாகப் போய்ப் பேசினேன், பூட்டுக்காரரையும் தேடிப்பிடித்தேன், மூவருமாக அந்த ஆபீசுக்குப் போனோம். இவரை எடுத்ததுக்குக் காரணம் மட்டும் சொல்லுங்க சார் என்றேன். "உன் கடைதான் இருக்கே, அடுத்தவனுக்கு எதுக்கு வக்காலத்து"ன்னு அதே கை வீச்சு. நான் திரும்பிவிட்டேன். ஆனால் பழக்காரி வாசலை மறித்துக்கொண்டு நின்று, "அடுத்தவர் இல்ல சார், எங்க வரிசைக்காரர்"னு ஒரு சத்தம் போட்டாள் பார், அப்போதுதான் அந்த மனுஷன் தலையைத் தூக்கினார். திங்கட்கிழமை எழுதிக் கொண்டுவாங்க என்றார். என்ன ஆகுமோ தெரியாது. சித்தியும் கூட வருகிறாளாம், எப்படி எழுதணும்னு அவளுடைய ஆபீசரம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாராம். கேட்டதும் மறுபடி சுருக்கென்றது, ஆனாலும் வாடி என்று சொல்லிவிட்டேன்.

உன்னை அங்கே ஆஸ்பத்திரி கவுன்டருக்குப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்களே, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஒன்று கேள். முடியாது என்று சொல்ல வேண்டிவந்தால் முகத்தைப் பார்த்துச் சொல், ஏன் முடியாது என்றும் சொல். அவர்கள் வீட்டுக்குப் போய் உன்னைத் திட்டினாலும் திட்டட்டும், தன்னைத் தானே திட்டிக்கொள்ளும்படி யாரையும் அனுப்பிவிடாதே.

உடம்பும் மனசும் திடமாக, நல்ல பெயரோடு நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். கண்ணாடியை மாற்று, தலைவலியோடு திரியாதே. சித்தியிடம் பேசும்போது இதில் ஒரு வரி பற்றியும் மூச்சு விட்டுவிடாதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா