உப்புப் பாத்தியில் காலடி

அனுமந்தை,
வியாழக்கிழமை.

அன்புள்ள சில்வியா அப்பாவுக்கு, ஆன்மேரி எழுதுவது.

மஸ்கட்டில் இந்த வருஷம் வெயில் தாங்கவில்லை என்று விக்டர் சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால்தான் லீவு முடிந்து திரும்பும் அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் அம்மாவுக்கு மூட்டு வலி தேவலாம்.

உப்பு நன்றாக விளைந்திருக்கிறது. அங்கேதான் ஒரு விஷயம். நம் பாத்தியில் உப்பு வாரும் அஞ்சம்மாள் போன மாதம் வந்து, மத்தியானத்தில் ஏதோ குழந்தை இறங்கி நடக்கிறது, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரியுங்கள் என்றாள். போய்ப் பார்த்தேன். புதிதாகப் படிந்த உப்பின் மேல் சின்னக் காலடிகள். நம் சில்வியா விழுந்து இறந்த கிணற்றடியில் தொடங்கி, அன்றைக்கு நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு போன் பேசிய வரப்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டன. திரும்பிப் போன தடம் இல்லை. இடது சுண்டுவிரல் பதியவில்லை. அவளுக்கும் பதியாது.

அஞ்சம்மாள் பலகையால் இழுத்து அழித்தாள். மறுநாளும் இருந்தது. எதிர் வரப்பில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தடம் என் பக்கம் திரும்பவே இல்லை. பெற்றவள் நிற்க, பார்க்காமல் விட்டவரைத் தேடுகிறாளே என்று அவள் மேலேயே கோபம் வந்தது.

அடக்கத்தன்று சாமியார் முன்னால் உங்களை மன்னித்துவிட்டேன் என்றேன். ஊரே மெச்சியது. பிறகு சோறு போட்டேன், துணி துவைத்தேன். முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அது தாங்காமல்தான் நீங்கள் போனீர்கள்.

நேற்று நீங்கள் நின்ற இடத்திலேயே போய் நின்றேன். காற்றே இல்லை. கிணற்றுப் பக்கமிருந்து உப்பு நொறுங்கும் சத்தம். ஆளில்லை. காலடி மட்டும் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே வந்தது. ஈரமான சின்னக் கை ஒன்று என் விரல்களைப் பிடித்தது. தடவிப் பார்த்தது.

“அப்பா இல்ல” என்றாள்.

கையை விட்டுவிட்டாள்.

குரலில் துளிகூடக் கோபமில்லை. நீங்கள் வேலை முடிந்து வரத் தாமதமானால் வாசலில் நின்று அப்பா எங்கே என்று கேட்பாளே, அதே குரல்தான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எழுந்தபோது உங்கள் மேல் வைத்திருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

மழை வந்தால் பாத்தி முழுகிவிடும். அதற்குள் வந்துவிடுங்கள். அவளுக்கு ஒரு கையைக் கொடுங்கள். மற்ற கையை நான் பிடித்துக்கொள்கிறேன். அவள் கிணற்றுப் பக்கம் எவ்வளவு இழுத்தாலும் விடமாட்டேன்.

மாதா உங்களைப் பத்திரமாக வீடு கொண்டு சேர்க்கட்டும்.

உங்கள்
ஆன்மேரி