முப்பதும் இறந்தன

கோல்வாடி, தேவ்கட்
28 நவம்பர் 1999

அண்ணாவுக்கு சுலுவின் நமஸ்காரம்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடச் சொன்னேன், சாப்பிட்டிருக்கமாட்டாய். தீபாவளி முடிந்து பாவுபீஜ் அன்று தங்கை கையால் ஆரத்தி வாங்க வந்தவன், நான் ஆரத்தித் தட்டைக் கீழே வைப்பதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாய். என் வீட்டுக்காரர் போனபிறகு இந்த வீட்டில் ஒரு வேளை நிதானமாக உட்கார்ந்து நீ சாப்பிட்டதில்லை. குறை சொல்லவில்லை, எழுதி வைக்கிறேன்.

மாமரங்கள் மொட்டு கட்டிவிட்டன. பூவின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சியும் வந்துவிட்டது. கிளையைத் தட்டினால் இலைமேல் தூறல் விழுவதுபோல் சடசடக்கிறது. பிள்ளை மங்கேஷ் மும்பை வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறான். “இந்த வருஷம் நானே மருந்து அடிக்கறேன் ஆயி. பாபா விட்ட இடத்துலேர்ந்து நான் எடுத்துக்கறேன்” என்கிறான்.

ஒன்று சொன்னால் சிரிக்காதே. தோட்டக் காவலுக்கு இருக்கும் நேபாளி தில் பகதூர் வந்து, “பதினாலாம் மரத்தடியில மத்தியானம் யாரோ பம்பு அடிக்கறாங்க, தாயி” என்றான். மருந்து அடித்தபோது அவர் மயங்கி விழுந்த மரம் அது. “காத்துடா” என்றேன். நேற்று எனக்கும் கேட்டது. மருந்து அடிக்கும் பம்போ அறைக்குள் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு வருடம் முன்பு சோதித்ததுபோல் இந்த முறையும் அதே மருந்துக்குப் பூச்சி சாகிறதா என்று பார்த்துச் சொல்வாயா? மங்கேஷ் தேவையில்லை என்கிறான். உன் தாள் பம்பு அறைச் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கிறது. ‘முப்பதில் முப்பதும் இறந்தன.’ கீழே உன் கையெழுத்து.

சுலு

*

ரத்னகிரி
5 டிசம்பர் 1999

அன்புள்ள சுலுவுக்கு ஆசிகள்.

முழங்கால் அப்படியேதான். வெந்தயம் கசக்கிறது.

அந்த மருந்தை வாங்க வேண்டாம் என்று மங்கேஷிடம் சொல். காரணத்தை என் வாத்தியார் வழியில் சொல்கிறேன். ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள். நான் பிரம்பை எடுத்ததும் இருபத்தெட்டுப் பேர் அடங்கிவிடுவார்கள். இரண்டு பேருக்கு மட்டும் உறைக்காது. அடங்கியவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, அடுத்த வருடம் அந்த இருவரின் வாரிசுகளைக் கொண்டே வகுப்பை நிரப்பினால் என் பிரம்பு எதற்கு ஆகும்? ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கும் தோட்டத்தில் நடப்பது அதுதான்.

சோதனையை இனி நான் செய்வதில்லை. மாந்தோட்டக்காரர் சங்கத்தின் ஆய்வறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கண் சரியில்லை. நீங்களே செய்யலாம். மாவிலையை மருந்துக் கரைசலில் முக்கி, நிழலில் உலர்த்திக் கண்ணாடிப் புட்டியில் போடுங்கள். இன்னொரு புட்டியில் வெறும் தண்ணீரில் முக்கிய இலை. ஒவ்வொன்றிலும் முப்பது பூச்சி. வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். இருபத்து நான்கு மணி நேரம் கழித்துத் தூரிகையால் தொட்டுப் பார். நடந்தால் உயிர். நடக்காவிட்டால் இறந்தது என்று எழுது. அதற்கு முன்னால் எண்ணக் கூடாது.

சுவரில் இருப்பது பழைய தாள். கிழித்துவிடுங்கள்.

ரகு அண்ணா

*

கோல்வாடி
14 டிசம்பர் 1999

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை மங்கேஷிடம் படித்துக் காட்டினேன். பிரம்புக் கதைக்குச் சிரித்தான். பிறகு, “மாமா கையெழுத்துப் போட்டு முப்பதும் செத்துச்சுன்னு எழுதியிருக்காரே. மருந்து நல்ல மருந்துதான். பாபாதான் தண்ணி அதிகமாக் கலந்திருப்பார். நான் ரெட்டிப்பாப் போடறேன்” என்றான். இருபத்துநாலாம் தேதி ஆரம்பிக்கிறான்.

அவன் அப்பா தண்ணீர் அதிகமாகக் கலக்கவில்லை, அண்ணா. மூன்றாம் முறை அடித்தும் பூச்சி போகாதபோது நான் கேட்டேன், மருந்து சரியில்லையோ என்று. “ரகு எழுதிக் குடுத்திருக்கான். அவன் தப்பா எழுதமாட்டான். தப்பு என் கையிலதான்” என்றார். ஒவ்வொரு முறையும் மருந்தைக் கூட்டினார். ஏழாவது தடவை அடித்தபோது மருந்து நெடி ஏறி விழுந்தார். பூச்சி சாகாததற்குத் தன்னைத்தான் சந்தேகப்பட்டார், உன்னை அல்ல.

நீ பழைய தாள் என்கிறாய். அந்தத் தாள் வந்த இரண்டே மாதத்தில் அவர் போனார். இரண்டு மாதத்தில் ஒரு தாள் பழையதாகிவிடுமா?

சுலு

*

ரத்னகிரி
19 டிசம்பர் 1999

சுலு,

தபாலில் போட்டால் இருபத்துநாலுக்குள் வராமல் போகலாம். தேவ்கட் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அந்தத் தாள் பழையதல்ல, பொய்.

அன்று நம் ஊர்க் கோயில் ஜாத்திரை. பகல் இரண்டு மணிக்குப் பூச்சிகளைப் புட்டியில் விட்டேன். மறுநாள் இரண்டுக்கு எண்ண வேண்டும். கடைசி பஸ் நாலரைக்கு. நாலு மணிக்குப் பார்த்தேன், முப்பதும் மல்லாந்து கிடந்தன. தூரிகையால் தொட்டேன், ஒன்றும் நகரவில்லை. உன் வீட்டுக்காரன் பாஸ்கர் எனக்காகக் கோயில் வாசலில் காத்திருப்பான், நல்ல சேதியோடு போகலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது உனக்கும் நினைவிருக்கும். நீ பக்கத்தில்தான் நின்றாய்.

மூன்றாம் நாள் திரும்பி வந்து துணியை அவிழ்த்தேன். பத்தொன்பது பூச்சிகள் என் முகத்தில் மோதிப் பறந்தன.

அந்த மருந்து முதலில் மயக்கித் தள்ளும். சாகாதது பிறகு எழுந்துவிடும். இது எனக்குத் தெரியும். சங்கத்தின் பயிற்சியில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்.

அன்றே சொல்லியிருக்கலாம். பாஸ்கர் மருந்து முழுவதையும் வாங்கிவிட்டிருந்தான். முப்பத்துநாலு வருடம் மற்றவர் தப்புக்குச் சிவப்பு மையால் கோடு போட்டவன், என் தப்புக்கு ஒரு கோடு போடக் கூசினேன். அடுத்த தடவை வேலை செய்யும், அதற்கடுத்த தடவை செய்யும் என்று இருந்துவிட்டேன். ஏழு தடவை ஆயிற்று.

என் மேசையில் புட்டி எதுவும் கிடையாது, சுலு. ஆனால் தினமும் கண்ணாடியை உள்ளிருந்து யாரோ தட்டுகிறார்கள். உன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட முடியாததற்கு பஸ் நேரம் காரணமில்லை.

மங்கேஷைத் தடுத்துவிடு. எனக்கு வேறு எதுவும் கேட்கத் தகுதியில்லை.

ரகுநாத்

*

கோல்வாடி
16 ஜனவரி 2000

அண்ணாவுக்கு,

கண்டக்டர் கடிதத்தை அன்று மாலையே கொடுத்துவிட்டார். மங்கேஷிடம் காட்டவில்லை. தேநீர் வடிகட்டும் துணியைக் கிழித்து, ஊறுகாய்ப் புட்டிகள் இரண்டைக் கழுவி, நீ எழுதியபடியே செய்தேன். பூச்சி பிடித்துத் தந்தவன் தில் பகதூர்.

பகல் இரண்டு மணிக்கு விட்டோம். நாலு மணிக்கு மருந்துப் புட்டியில் முப்பதும் விழுந்து கிடந்தன. “பாத்தியா ஆயி, மாமா தாள்ல எழுதினது சரிதான். எண்ணிட்டு எந்திரி” என்றான் மங்கேஷ்.

“உக்காரு” என்றேன்.

“எதுக்கு? பொணத்துக்குக் காவலா?”

“ஆமா. உக்காரு.”

மறுநாள் இரண்டு மணிக்குத் தூரிகையால் தொட்டேன். தண்ணீர்ப் புட்டியில் ஒன்று மட்டும் இறந்திருந்தது. மருந்துப் புட்டியில் இருபத்திரண்டு நடந்தன. அதன்பிறகுதான் உன் கடிதத்தை அவன் கையில் கொடுத்தேன். படித்துவிட்டுச் சுவரிலிருந்த தாளை நகத்தால் சுரண்டி, கிழியாமல் எடுத்தான். அந்த மருந்தை அவன் தொடமாட்டான். நீ கேட்டது நடந்துவிட்டது.

அவர் விழுந்த அன்று நாங்கள் போனபோது காலில் அசைவு இருந்ததாகத் தில் பகதூர் இன்றும் சொல்கிறான். டாக்டர் பார்த்து இல்லை என்றுதான் சொன்னார். பொழுது சாய்வதற்குள் எரித்துவிட்டோம். அந்தப் பூச்சிகள் ஒவ்வொன்றாக எழுந்தபோது என் மனம் எங்கே போயிற்று என்று உனக்கு எழுத வேண்டியதில்லை. பம்பு சத்தம் நிற்கவில்லை. மத்தியானத்தில் நான் அந்த மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். யாராவது பக்கத்தில் இருக்க வேண்டுமல்லவா?

சங்கராந்திக்கு உனக்கு எள்ளுருண்டை வரவில்லை. இனிப்பைத் தின்று இனிமையாகப் பேசு என்று வருடாவருடம்போல் எழுதி அனுப்பக் கை வரவில்லை. அடுத்த பாவுபீஜுக்கு உனக்கு விளக்குச் சுற்றுவேனா, தெரியாது. நானும் இப்போது அந்தப் பூச்சிகளைப்போல் விழுந்துதான் கிடக்கிறேன். எழுவேனா என்று எனக்கே தெரியவில்லை.

இந்த முறை நேரம் ஆவதற்குள் எண்ணிவிடாதே.

சுலு