அகல டயருக்கு ஒரு ஃபோர்க்

வே,

இன்றைக்குப் பாளையங்கோட்டையில் மழைக்கு ஒதுங்கிய இடம் ஒரு சைக்கிள் கடை. வாசலிலேயே ஒரு புது வண்டி நின்றது. தடித்த டயர். முன்னால் ஸ்பிரிங் கிடையாது. சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நேராக இறங்கும் வெறும் இரும்பு ஃபோர்க். புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் நான் குனிந்து டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தேன். கடைக்காரர் ஓடி வந்தார். "சார், இது ஷாக் இல்லாத மாடல். உங்க வயசுக்கு ஷாக் உள்ளது காட்டட்டுமா?" என்றார். ஷாக் எதற்கு, அதனால் என்ன ஆகும் என்று அவரைப் பிடித்துக்கொண்டேன். நீர் இருந்திருந்தால், "அந்த மனுசன விட்டுரும்வே, பொழச்சுப் போகட்டும்" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பீர்.

தொண்ணூறுகளில் நான் விக்கிரமசிங்கபுரம் மில்லில் ஃபிட்டர். நீர் கால்வாய் லஸ்கர். கரையோடு சைக்கிளில் போய் ஒவ்வொரு மடையாகத் திறந்து மூடுவது உம் வேலை. ஒரு குளிர்காலத்தில் மடைப் பலகையைத் தூக்கும் திருகுப் பிடி பின்னால் சுழன்று அடித்து உமக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, வலி மட்டும் போகவில்லை. கரையில் ஒரு கல் ஏறி இறங்கினால் போதும், பல்லைக் கடிப்பீர். உங்கள் அதிகாரி நல்ல மனுஷன்தான். ஜூன் மாதம் கார் நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும்போது கரையில் போக முடியாவிட்டால், டவுன் ஆபீஸில் வாட்ச்மேனாகப் போட்டுவிடுகிறேன் என்று உமக்கு உதவி செய்வதாகவே நினைத்துச் சொன்னார்.

"அங்கன உக்காந்து நான் என்னத்தக் காப்பேன்? நாற்காலியவா?" என்று சிரித்தீர். சிரித்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டீர். கரையை விட்டால் இந்த ஆள் ஒடுங்கிப் போவார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அகல டயர் யோசனை என்னுடையது. மலையேறும் சைக்கிள் என்று சொல்லிக் கல்லூரிப் பிள்ளைகள் அப்போதுதான் தடித்த டயர் வண்டியில் திரிய ஆரம்பித்திருந்தார்கள். அதில் ஒன்றைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தேன். காற்றைக் கொஞ்சம் குறைத்தால் கல்லை டயரே வாங்கிக்கொள்ளும், கைக்கு ஏறாது என்று தோன்றியது. ஆனால் உம் பழைய ஃபோர்க்குக்குள் அந்த டயர் நுழையவே இல்லை. "சரி வே, அப்போ ஃபோர்க்க மாத்துவோம்" என்றேன். ஏதோ சட்டைப் பொத்தானை மாற்றுவதுபோலச் சொல்லிவிட்டேன்.

முதலில் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க்தான் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். நீர் அதைத் தூக்கிப் பார்த்து, "ஆட்டுக்கல்லு கணக்கால்லா இருக்கு" என்றீர். மாட்டினோம். பள்ளத்தில் இறங்கும்போது மெத்தென்று அமுங்கியது. மேலே ஏறியதும் ஹேண்டில் குதித்து உம் கையிலேயே அடித்தது. இறங்கி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அமுங்குதது சரிவே. திருப்பி அடிக்கே, அதுக்கு என்ன சொல்லுதீரு?" என்று கேட்டீர். உள்ளே வெறும் ஸ்பிரிங்தான் இருக்கிறது, திரும்பி வரும் வேகத்தைத் தடுக்க எண்ணெயோ வேறெதுவோ இல்லை என்று நான் விளக்க ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டீர். "காரணமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கைதான் வலிக்கு" என்றீர்.

ஆக, ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க்தான் என்று முடிவானது. டவுனில் அண்ணாச்சி கடையில் வரிசையாகத் தொங்கியவற்றில் ஒன்றை நானே தேர்ந்தெடுத்தேன். கழுத்து சேர்கிறதா, மரை சேர்கிறதா, சக்கரத்தின் அச்சு உட்காருகிறதா, எல்லாம் பார்த்தாயிற்று. டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே ஒரு தகடு போகிற அளவுக்குத்தான் இடம். அதுதான் எனக்குப் பிடித்தது. மில்லில் இடைவெளி கூடினால் மெஷின் ஆடும். இடைவெளி என்றாலே எனக்கு ஆகாது. சிமெண்ட் ரோட்டில் நீர் ஓட்டிக் காட்டினீர். ஆகா, என்ன ஓட்டம்!

ஆனால் கார் தண்ணீருக்கு முன்னால் கால்வாயைத் தூர்வாரி, வாரிய சேற்றையெல்லாம் கரையிலேதானே கொட்டுவார்கள்? அதன் மேல் முந்தின நாள் மழை வேறு. வைக்கோலும் களியும் டயரில் ஒட்டி, சுற்றிக்கொண்டே போய், ஃபோர்க்கின் இரண்டு காலும் மேலே சேரும் தோளில் அடைத்து, சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. நீர் ஹேண்டிலைத் தாண்டிக் காய்ந்த கால்வாய்க்குள் போய் விழுந்தீர். நான் பதறி ஓடிவந்து பார்த்தால், உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறீர். "நீரு டயருக்கு அளவெடுத்தீரு வே. சேத்துக்கு யாரு அளவெடுப்பா?"

அடுத்து நீர் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கச் சிரிக்கிறேன். கால்வாய்ச் சேற்றைத் தூக்குவாளியில் அள்ளி, மூடி போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு டவுனுக்கு வந்தீர். பக்கத்தில் இருந்தவர் "என்ன, குழம்பா?" என்று கேட்டதற்கு, "ஆமா, கொஞ்சம் கெட்டியாப் போச்சு" என்றீர். கடையில் டயர் முழுக்கச் சேற்றைப் பூசி, ஒவ்வொரு ஃபோர்க்காக மாட்டிச் சுற்றச் சொன்னீர். அண்ணாச்சிக்கு வந்ததே கோபம்! "ஏலே, இது கடையா, வயக்காடா?" என்று சத்தம் போட்டார். கொஞ்ச நேரத்தில் அவருக்கே ஆசை வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் சுற்ற ஆரம்பித்தார். சில ஃபோர்க்கில் பக்கம் இடித்தது, சிலதில் மேலே அடைத்தது. கடைசியில் மூலையில் கிடந்த ஒன்று. அகலத் தோள், நேரான கால், நெட்டை. பார்க்க லட்சணம் இல்லை. சேறு அதற்குள் தடையில்லாமல் சுற்றி, கீழே சொட்டியது.

"நெட்டையா இருக்கு வே. முன்பக்கம் தூக்கும். பைய போனா ஹேண்டில் தானாச் சாயும்" என்றேன்.

"சாயட்டும். தண்ணி தொறந்தன்னைக்கு நான் பையவா போவப் போறேன்?" என்றீர்.

பாபநாசத்தில் கார் தண்ணீர் திறந்த அன்று நான் லீவு போட்டுவிட்டு என் பழைய வண்டியில் உம் பின்னாலேயே வந்தேன். தலைமடையில் உங்கள் அதிகாரி ஜீப்போடு நின்றார். காய்ந்த கால்வாயில் முதல் தண்ணீர் நுரையும் சருகும் அறுந்த செருப்புமாகத் தள்ளிக்கொண்டு வந்தது. அதற்கு முன்னால் போய் அடைசலை எடுத்து, மடைகளைத் திறந்து வைக்க வேண்டும். பிந்தினால் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு நாற்றங்காலுக்குள் போய்விடும். இரண்டாவது மடையிலேயே என் சக்கரம் சேற்றில் சிக்கி நான் நின்றுவிட்டேன். நீர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உம் ஃபோர்க்கிலிருந்து சேறு கட்டி கட்டியாக விழுந்துகொண்டே போனதை மட்டும் பார்த்தேன். நான் வண்டியை உருட்டிக்கொண்டு கடைமடைக்கு வந்து சேர்ந்தபோது அது திறந்திருந்தது. நீர் கரையில் உட்கார்ந்து வலது கையை விரித்து மடக்கி, அது யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தீர். அதற்குப் பிறகு டவுன் ஆபீஸ் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. வலி போனது டயரில் காற்றைக் குறைத்ததாலா, நெட்டை ஃபோர்க் ஹேண்டிலைத் தூக்கிவிட்டதால் கையின் மேல் பாரம் குறைந்ததாலா? ஃபோர்க்கை அப்படியே விட்டுவிட்டுக் காற்றை மட்டும் இறுக்க அடித்துக் கொஞ்ச நாள் ஓட்டினால் தெரிந்துவிடும் என்று உம்மிடம் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தீர். "வலி போயிட்டு வே. ஏன் போச்சுன்னு கேக்கதுக்கு அதத் திரும்பக் கூப்பிடணுமாக்கும்?"

நியாயந்தானே. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மாதங்கள் ஓடி, அடுத்த போகமான பிசான நெல் அறுவடையும் முடிந்த சமயம். காலை ஷிஃப்ட் விட்டு வெளியே வருகிறேன், மில் வாசலில் நீர் நிற்கிறீர். இடது கையில் ஹேண்டில். வலது கையில் துண்டு சுற்றியிருந்தது.

"காத்துதான் வே. ஒசரம் இல்ல" என்றீர்.

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. டயரைத் தொட்டுப் பார்த்தேன், கல்லாக இருந்தது. ஒரு வாரமாக அப்படியே கரையில் ஓட்டியிருக்கிறீர். துண்டை விலக்கினால் மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது. வாசலில் அத்தனை பேர் பார்க்கக் கத்தினேன். "கிறுக்கா வே உமக்கு? யாரு ஓட்டச் சொன்னா?"

"நீருதான் கேட்டீரு."

"நான்தான் அப்பவே விட்டுட்டேன்லா!"

"விட்டீரோ? எப்ப வந்தாலும் என் டயர அமுக்கிப் பாத்துட்டு, ஒண்ணும் பேசாமப் போனீரே, அதுக்குப் பேரு விட்டதா?" என்று சொல்லிவிட்டு, "இனியாவது நிம்மதியாச் சாப்பிடும்" என்றீர். நான் அங்கேயே குத்தவைத்து உம் டயரில் காற்றை இறக்கிவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்ததை நீர் பார்த்தீரா என்று தெரியாது. பார்த்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டீர்.

நீர் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு கார் தண்ணீர் வந்து போய்விட்டது. என் கேள்வியைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு, எரிந்து விழுந்தவர்கள் உண்டு, உட்கார்ந்து விவரமாகப் பதில் சொன்னவர்களும் உண்டு. ஒரு பதிலைக் கொண்டுவந்து கொடுப்பதற்காக வலியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்ட ஆள் நீர் ஒருவர்தான் வே. இப்போதும் ஏன், எப்படி என்று யாரிடமாவது கேட்க வாய் எடுக்கத்தான் செய்கிறேன்; அது என்னை விட்டுப் போகாது. ஆனால் கேட்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம், எதிரே இருப்பவரின் கையைப் பார்த்துக்கொள்கிறேன்.