மூன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்குப் பொட்டு

அம்பத்தூர் எஸ்டேட்,
புரட்டாசி, வியாழக்கிழமை

அன்புள்ள தேவிப்பிரியாவுக்கு,

ஆபீஸில் கணக்கு எழுதுகிற அனுசுயா அக்கா எழுதுவது. கம்பெனி ஆட்கள் நம்பரையெல்லாம் நீ பிளாக் செய்தபோது என் நம்பரும் அதோடு போய்விட்டது. எனக்குக் கோபமில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை நசரத்பேட்டைக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்து, உன் ஓசூர் விலாசத்தை வாங்கி வந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட வைக்காமல் என்னை அனுப்பவில்லை.

இங்கே நடக்கிற கூத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நம் முதலாளி லோகநாதனுக்குச் சமத்துவம் வந்துவிட்டது. காய்ச்சல் வருமே, அந்த மாதிரி திடீரென்று. நாம் வாஷர் அடித்துக் கொடுக்கிற கார் கம்பெனிக்காரர்கள், ஆண் பெண், சாதி என்று வித்தியாசம் பார்க்கமாட்டோம் என்று கொள்கை எழுதி வைத்தால்தான் அடுத்த ஆர்டர் என்று சொல்லிவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டு, ‘இன்னாம்மா இது, நம்ம கம்பெனில எவன் வித்தியாசம் பாக்குறான்? நான் யாரையாவது அப்படிப் பாத்துகீறேனா?’ என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து டீ வந்தது. அவருக்கும் அவர் மச்சான் மோகனுக்கும் கண்ணாடி டம்ளர். எனக்குப் பீங்கான் கப். உங்கள் காலனிப் பெண்களுக்கு எப்போதும்போல் பேப்பர் கப். எதற்கு என்று கேட்டால் சுத்தத்துக்கு என்பார். டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே என் பதிலுக்குக் காத்திருந்தார். டீ நன்றாக இருக்கிறது சார் என்று சொல்லி வைத்தேன்.

முகப்பேரிலிருந்து ஜெகதீஷ் என்று ஓர் ஆலோசகர் டை கட்டிக்கொண்டு வந்தார். அவர் கொண்டுவந்த கொள்கை ஏதோ வெளிநாட்டு பேக்கரிக்கு எழுதியது. மாவு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மாற்று வேலை தர வேண்டுமாம். பார்வையில்லாத ஊழியர் வழிகாட்டி நாயோடு வந்தால் நாய்க்கு நிழலான இடம் ஒதுக்க வேண்டுமாம். நம் ஷெட்டில் பெண்கள் கக்கூஸுக்கு இன்னும் தாழ்ப்பாள் கிடையாது, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். லோகநாதன் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, நாய் சங்கதி மட்டும் வேணாம், வாட்ச்மேன் பயப்படுவான் என்றார். அந்த டை கட்டிய மனுஷன் அதையும் குறித்துக்கொண்டார். கடைசியில், நீதான் டிகிரி படித்தவளாயிற்றே, நீயே எழுதிவிடு என்று வேலை என் தலையில் விழுந்தது.

எழுத உட்கார்ந்தேன். ஆபரேட்டர் யார், ஹெல்பர் யார் என்ற இடம் வந்ததும் கை ஓடவில்லை. தகட்டில் வாஷர் அடிக்கிற மூன்றாம் நம்பர் பிரஸ்ஸை நாள் முழுக்க ஓட்டியவள் நீ. உன் பெயருக்கு எதிரே ஹெல்பர். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செல்போன் பார்த்த மோகன் ஆபரேட்டர். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைக்கிறது ஆபரேட்டர்தான் என்பது இங்கே வேத வாக்கு. போன வருஷம் அந்தத் தடியன் வர நேரமாகிவிட்டது. நீ கையைக் கழுவிவிட்டு வந்து உன் பிரஸ்ஸுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாய். லோகநாதன் உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, நீ வைத்த பொட்டைக் கழுவி, மோகன் வந்த பிறகு அவன் கையால் மறுபடி வைக்கச் சொன்னார். அன்றைக்கு வெளியே போனவள்தான் நீ. அந்தத் தண்ணீர் ஓடின இடத்தைத் தாண்டித்தான் நான் தினமும் என் மேஜைக்குப் போகிறேன்.

அதனால் இரண்டு வரி சேர்த்தேன். மெஷினை யார் ஓட்டுகிறாரோ அவரே அதன் ஆபரேட்டர், சம்பளமும் அதற்குரியது. ஆயுத பூஜையில் அந்த மெஷினுக்குப் பொட்டு வைக்கிறவரும் அவரே. ஒளித்து மறைத்து எழுதவில்லை. அவர் எதிரே நின்று தமிழிலேயே வாசித்துக் காட்டினேன். ‘எழுதிக்கோம்மா, எழுதறதுல இன்னா கீது’ என்று கையெழுத்துப் போட்டார். அந்த மனுஷனுக்கு எழுத்து வேறு, நடப்பு வேறு. பிறகு அதைக் கண்ணாடி போட்டு, மோகனை விட்டே சட்டத்தின் நாலு மூலைக்கும் குங்குமம் வைத்து, பிள்ளையாருக்கும் தன் அப்பா படத்துக்கும் நடுவில் மாட்டி, கற்பூரமும் காட்டினார். இப்போது தினம் ஊதுபத்தி நடக்கிறது. படிக்கத்தான் ஆளில்லை.

இதில் அவர் செய்த புத்திசாலித்தனம் ஒன்று உண்டு. கார் கம்பெனிக்காரர்கள் நேரில் வந்து பார்க்கிறோம் என்றதும், ஆயுத பூஜை அன்றைக்கே வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டார். ஏன் தெரியுமா? வருஷத்தில் அன்று ஒருநாள்தான் நம் ஷெட்டின் தரை கண்ணுக்குத் தெரியும். எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் கழுவி, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை கொடுத்து அசத்திவிடலாம் என்று கணக்கு. அவர்களோ, வருகிறோம், பெண் ஆபரேட்டர் ஒருவரோடு பேச வேண்டும் என்று பதில் போட்டார்கள்.

பெண் ஆபரேட்டருக்கு எங்கே போவார்? அப்போதுதான் ஐயாவுக்கு உன் ஞாபகம் வந்தது. ‘அந்தப் பொண்ண ஒருநாளிக்கு இட்டாந்து மெஷின்கிட்ட நிக்க வை, பொடவ ஒண்ணு எடுத்துக் குடுத்துடலாம்’ என்றார். கொலு பொம்மையை எடுத்து வைக்கிற மாதிரி சொல்கிறார். எனக்கு வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, வெறும் ஆளைக் காட்டினால் நம்பமாட்டார்கள், ஆபரேட்டர் என்று வேலை ஆர்டர் வேண்டும், அதுவும் நீ வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வேண்டும் என்றேன். அடித்துக் கொடுத்தேன். கையெழுத்தும் கம்பெனி சீலும் போட்டுவிட்டு, ‘அவங்க போனதும் கிழிச்சுப் போட்டுடு’ என்றார். நான் சரி என்று சொல்லவில்லை. அதைக் கவனிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

அந்த ஆர்டரை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். விட்டுப்போன ஆபரேட்டர் சம்பளத்தை நீ கேட்க அது ஒன்று போதும். கிழிப்பதானால் நீதான் கிழிக்க வேண்டும்.

ஓசூரில் உனக்கு நல்ல வேலை என்று அம்மா சொன்னார். இந்த நாற்றம் பிடித்த ஷெட்டுக்கு நான் ஏன் வர வேண்டும் என்று நீ கேட்டால் அதுவும் நியாயம்தான். நீ வராவிட்டால் மோகன் பொட்டு வைப்பான், வருகிறவர்கள் பொரி தின்றுவிட்டுப் போவார்கள், சட்டத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டே இருப்பார்கள். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. என் வேலை என்ன ஆகும் என்று நீ கவலைப்படாதே. கணக்குத் தெரிந்தவளுக்கு இந்த எஸ்டேட்டில் கம்பெனிக்கா பஞ்சம்?

வருவதாக இருந்தால், பூஜைக்கு முதல் நாளே பெங்களூர் பஸ்ஸில் வந்து பூந்தமல்லியில் இறங்கு. நான் வந்து நிற்கிறேன். புடவை வேண்டாம், உன் பழைய நீல யூனிஃபார்ம் கோட்டையே போட்டுக்கொள். பிரஸ்ஸில் கை வைக்கிறவள் நீ, உன் பத்து விரலும் என்றைக்கும் பத்திரமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

குங்குமத்தை மட்டும் உன் வீட்டிலிருந்தே எடுத்து வா. இங்கே தட்டு மோகன் கையில்தான் இருக்கும்.

உன்
அனுசுயா அக்கா