ஃபியூஸ் கட்டை என்னிடம்தான் இருக்கிறது

அன்பு மிகுந்த என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் உங்கள் தம்பி பக்கத்திலேயே நிற்கிறான், ஸ்பீக்கரில் போடச் சொல்கிறான். அதனால்தான் கடிதம்.

நீங்கள் தம்பியிடம் விட்டுப்போன பட்டறைக்கு, எஃகுக் கடிகார மூடிகளுக்குத் தங்க முலாம் பூசும் ஆர்டர் வந்திருக்கிறது. கொடி வேலைப்பாடு நான்தான் செதுக்குகிறேன். கோடு ஆழமாக இருந்தால்தான் அழகு. ஆனால் அந்தக் கோட்டுக்குள்தான் ஆசிட் தங்குகிறது. நிக்கல் தொட்டியில் ஆசிட், தங்கத் தொட்டியில் சயனைடு. சரியாக அலசாமல் ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டால் விஷவாயு கிளம்பும். உங்களுக்குத் தெரியாததா?

அறை சின்னது என்று இரண்டு தொட்டியையும் ஒட்டி வைத்தீர்கள். என் மூக்கே போதும், லேசாக வாசனை வந்தால் வெளியே ஓடிவிடுவேன் என்பீர்கள். தம்பிக்கும் அதையேதான் சொல்லிக்கொடுத்தீர்கள்.

போன வாரம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடியில் துணி எடுக்கப் போனேன். இறங்கும்போது படியிலேயே தீய்ந்த நாற்றம். தம்பி அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தான். மூக்கை அடகு வைத்துவிட்டாயா என்று கேட்டேன். சிரித்தான், சிரிப்பு சரியில்லை. மறுநாள் கண்ணை மூடச் சொல்லி மண்ணெண்ணெய்த் துணியை நீட்டினேன். சோப்பா அண்ணி என்றான்.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சலோடு போனதாம். அண்ணனிடம் மட்டும் சொல்லாதீர்கள், பட்டறையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார் என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

(எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வாசலில்தான் நிற்கிறான்.)

முலாம் ரசாயனம் விற்கும் கடைக்காரரிடம் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். நல்ல மூக்குக்கும் அந்த வாசனை எட்டாமல் போகும், எட்டும்போது நேரம் கடந்திருக்கலாம், மூக்கை நம்பி யாரம்மா இந்த வேலை செய்வது என்றார். சயனைடு இல்லாத தங்கக் கரைசல் இருக்கிறதாம். அதற்கும் விசிறியும் கையுறையும் வேண்டுமாம். பழைய கரைசலைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள், நானே ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். கடையிலிருந்து வீடு வரும்வரை, நீங்கள் அந்த அறையில் நின்ற காலைகள்தான் கண்முன் வந்துகொண்டிருந்தன.

வந்ததும் முலாம் அறையின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டேன், கரண்ட் இல்லாமல் முலாம் ஏறாதே. தம்பி குதிக்கிறான். இத்தனை வருஷம் அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லையே, உங்களுக்குப் பயம்தான் வியாதி என்கிறான். இரவல் கட்டை கேட்டு எதிர்க்கடைக்குப் போனான். கொடுக்காதீர்கள் என்று அங்கே முன்பே சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனை கடைக்குத்தான் சொல்வேன்?

இது கைக்குக் கிடைத்ததும் அவனைக் கூப்பிடுங்கள். மூக்கு விஷயம் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாதீர்கள். பட்டறை உன்னுடையது, வேறு ஆள் வரமாட்டான் என்று முதலில் சொல்லுங்கள். பிறகு, தொட்டிகளை ஒட்டி வைத்தது என் தப்பு, மூக்கை நம்பியதும் என் தப்பு என்று சொல்லுங்கள். உங்கள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்து நான் கேட்டதில்லை, அவனும் கேட்டதில்லை. அதனால்தான் கேட்பான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் கூப்பிடுங்கள்.

கட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி,
உங்கள் வீட்டுக்காரி