ருசி பார்க்காத பேய் பிஸ்கட்

பலெர்மோ, இத்தாலி

அன்பான அம்மாவுக்கு ஆரணி எழுதுவது. உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா? எனக்கு இங்கே அலுப்பைத் தவிர வேறு குறையில்லை.

நேற்று ஹலோவீனுக்கு, நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோரா பேய் உருவத்தில் பிஸ்கட் சுடச் சொன்னா. “செத்த ஆக்களின்ரை நாளும் வருகுது, அவையளுக்கும் சேர்த்துச் செய்” என்றா. படையலுக்குச் சமைக்கிற பழக்கத்தில் நான் ருசி பார்க்கவில்லை. சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டிருக்கிறேன்! பிள்ளைகள் துப்பினார்கள். “ஏன் ருசி பார்க்கேல்லை?” என்று சிஞ்ஞோரா சிரித்தா.

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது. அங்கேயிருந்து யாரும் வந்தால் கொடுத்துவிடுங்கோ.

அப்பாவின் திவசமும் நேற்றுத்தானே. லீவு கிடைக்கவில்லை. அவருக்கு உப்பு ஆகாதென்று தெரிந்தும், மிஞ்சிய ஒரு பேயை ஜன்னலில் வைத்தேன். காகம் வரவில்லை, புறாதான் தின்றது. அது அப்பாவுக்குச் சேருமோ என்று ஐயரிடம் கேட்டு எழுதுங்கோ.

சிஞ்ஞோரா கூப்பிடுகிறா.

ஆரணி