மீன் தொட்டியும் சைக்கிள் பம்பும்

இன்று மதியம் மகள் வீட்டில் கரண்ட் போனது. கூடத்து மீன் தொட்டியில் குமிழிச் சத்தம் பட்டென்று நின்றது. சோற்றில் கை வைத்திருந்த நான் அப்படியே எழுந்துவிட்டேன். "அப்பா, அது நல்ல தண்ணி மீனு, ஒண்ணும் ஆவாது, உக்காருங்க" என்று சிரிக்கிறாள். அவளுக்கென்ன தெரியும்? நாம் பயந்த பயம் உனக்கும் எனக்கும்தானே தெரியும்.

எழுபதுகளில், மரக்காணம் வீட்டில், இரண்டு பிள்ளை தங்காமல் போய் மூன்றாவதாக இவள் உன் வயிற்றில். கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாய். பொறுக்காமல்தான் மெட்ராசிலிருந்து கண்ணாடித் தொட்டி வாங்கி, எக்கியார்குப்பத்து வலையில் வந்த வரி மீன் இரண்டைக் கடல் தண்ணீரோடு கொண்டுவந்து விட்டேன். புத்தி இருந்ததா எனக்கு? நீ வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "ஏங்க, இதுங்க பொழைச்சா இதுவும் பொழைக்கும்" என்றாய். அப்போது பிடித்தது எனக்குப் பயம்.

அதன்பின் தண்ணீரைச் சுத்தமாக வைப்பது உயிர்ப் பிரச்சினையாகிவிட்டது. மூலையில் ஒரு டப்பா, அதில் கரியும் பஞ்சும், உள்ளே காற்று விட்டால் போதும் என்றார் தொட்டி விற்றவர். நீ மணல்தான் என்றாய். "நாம குடிக்கிற ஊத்துத் தண்ணி மணல்ல வடிஞ்சிதானே வருது? அடியில சல்லடைத் தட்டு வச்சி மேல மணலைக் கொட்டுங்க."

"மீன் கழிவையெல்லாம் மணல்ல சேத்து வைக்கறதா? போடி!" என்று கரியையே வைத்தேன். தண்ணீர் பாலாய்க் கலங்கியது. மணலுக்கு மாற்றினேன், மெல்லத் தெளிந்தது. எலெக்‌ஷனில் ஜெயித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாய்.

ஆனால் மீன்கள் தேறவில்லை. தண்ணீர் கண்ணாடியாய் இருக்க, ஒன்று அடியில் சாய்ந்து செவுள் படபடக்கக் கிடந்தது. நானோ தினமும் காலையில் தொட்டியில் தண்ணீர் குறைந்த அளவுக்குப் புதுக் கடல் தண்ணீர் ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தேன். "காலையிலேர்ந்து வயித்துல அசைவே இல்லீங்க" என்றாய் ஒருநாள். நீ கட்டிலில் இருந்தபடியே தொட்டி விளிம்பைத் தடவி, விரலில் ஒட்டிய வெள்ளையை நக்கிப் பார்த்தாய்.

"ஏங்க, வூட்டுக்குள்ளயும் பாத்தி கட்டிட்டீங்களா?"

நாளெல்லாம் உப்பளத்தில் நின்று, வெயில் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க மேலும் கடலைப் பாய்ச்சுகிறவன் நான். அதே வேலையைத் தொட்டியிலும் செய்திருக்கிறேன்! ஆவியாய்ப் போனது தண்ணீர் மட்டும்தான். உப்பு அத்தனையும் உள்ளேயே ஏறியிருந்தது. கொஞ்சம் மொண்டு கொட்டிவிட்டுக் குடிதண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றினேன். பாழாய்ப்போன கரண்ட் அப்போதா போக வேண்டும்?

குமிழி நின்றது. சைக்கிள் பம்பை எடுத்துக் காற்றுக் குழாயில் மாட்டி அடித்தேன். "வுட்டுடாதீங்க" என்று அழுதாய். "வுடமாட்டேன்டி" என்றேன். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. சாய்ந்து கிடந்தது மெல்ல நிமிர்ந்து நீந்தியபோது, என் இன்னொரு கையை இழுத்து வயிற்றில் வைத்தாய். உள்ளே இவள் உதைத்தாள்.

கடைசியாக ஆஸ்பத்திரியில், உன் தலைமாட்டில் ஆக்சிஜன் குழாயோடு மாட்டியிருந்த தண்ணீர் பாட்டிலும் அதே சத்தத்தோடு குமிழி விட்டது. நீயும் கவனித்திருக்கிறாய். "கரண்ட் போனா என்னங்க பண்ணுவீங்க?" என்று முகமூடிக்குள் சிரித்தாய்.

"பம்பு இருக்குதுடி" என்றேன்.

சைக்கிளை விற்று எத்தனையோ வருஷமாகிறது. பம்பை விற்கவில்லை, வாஷருக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அன்று கரண்ட் போகவே இல்லை. குமிழியும் நிற்கவில்லை. நீதான் போய்விட்டாய்.